நீச்சல்குளத்துப் புல்லும் ஏழாம் தீர்மானமும்

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கூடவே கொட்டாவியையும் தாங்கிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் நல்லகாமன் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முதுகுவலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற அரைக் கவலையோடு வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! நாற்காலி கிடைக்காமல் கார்களில் சாய்ந்து நிற்கும் காளையர்களே! மதுரை கே.கே. நகரின் இந்த அடுக்குமாடிகளில் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் ஒரே தகராறையும் என்னோடு பகிர்ந்துகொள்ளும் சொந்தங்களே! உங்கள் செயலாளர் சௌந்தரராஜனின் வணக்கம்.

வழக்கமாக இந்த வணக்க வரிசைக்கே பத்து நிமிடம் எடுப்பேன். இன்று தெம்பில்லை. நாற்பது ஆண்டுகள் மேடையேறிய இந்த வாய்க்கு, இந்த வாரம்தான் முதன்முதலாகப் பேச்சு கசந்தது. ஏன் கசந்தது என்று சொல்லத்தான் நிற்கிறேன்.

கார்ப் பக்கமிருந்து என்ன குரல், ராம்கி? "சுருக்கமா முடிங்கண்ணே, போண்டா ஆறுது" என்கிறீர்களா? ஆறட்டும் மாப்ள. ஒரு நாள் ஆறின போண்டா தின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

சென்ற ஆண்டு இதே மேடையில், இதே மைக்கில், நீச்சல்குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் பதிக்க வேண்டும் என்று முழங்கியவன் யார்? நான். "வெட்ட வேண்டாம், வேர் அழுகாது, வெயிலில் வாடாது! நீர் கேட்காது, நிறம் மாறாது, நித்தமும் பசுமை!" என்று அடுக்கியவன் யார்? நான். அதற்குக் கைதட்டியவர்கள் யார்? சரி, அதை விடுங்கள்.

புல் வந்தது. சுருள் சுருளாக வந்தது. இருந்த அருகம்புல்லைப் பெயர்த்து, ஜல்லி கொட்டி, இடித்துச் சமப்படுத்தி, விரித்து, ஓரம் ஒட்டி, மணல் தூவி வாரிவிட்டுப் போனார்கள். அந்த அழகைக் காக்க நான் ஒரு பலகை எழுதி வைத்தேன். "பசும்புல்லைப் பாதுகாப்போம், பாதணிகளைப் படியிலேயே விடுவோம்!" நான்கு பகரம்! எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்து மகிழ்ந்தேன்.

பிறகு ஒரு கேள்வி பிறந்தது. செயற்கைப் புல்லுக்கு எதற்குத் தோட்டக்காரி? வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் தங்கப்பொண்ணுக்கு இனி இங்கே என்ன வேலை? வளராத புல்லை வெட்டுவாரா? வாடாத புல்லுக்கு வார்ப்பாரா? அப்படி வந்ததுதான், உங்கள் கையிலிருக்கும் தாளில் ஏழாம் தீர்மானம்: தோட்டப் பணியிடத்தை நீக்குவது. எழுதியவன் யார்? அதுவும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி. மே மாத வெயில். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவோம் என்று குளத்தடிக்குப் போனேன். என் பலகைக்கு மரியாதை செய்து, செருப்பைப் படியில் கழற்றினேன். ஒரு காலை வைத்தேன். ஐயா, அது புல்லா? அடுப்பிலிருக்கும் தோசைக்கல்! வைத்த வேகத்தில் துள்ளிப் படிக்கே திரும்பிவிட்டேன். நிமிர்ந்தால், எதிர்ப்பக்கம் தங்கப்பொண்ணு நிற்கிறார். கையில் ஹோஸ். காலில் ஒன்றுமில்லை.

"என்னம்மா செய்றீங்க?" என்றேன்.

"புல்லு கொதிக்குதுங்கய்யா. நாலரைக்குப் பிள்ளைக நீச்சலடிக்க வந்துரும்ல? அம்புட்டையும் ரெண்டு தரம் நனைச்சாத்தேன் கால வைக்க முடியும். பங்குனியில இருந்தே இப்படித்தேன்."

"செருப்பப் போட்டுக்கிட்டா என்ன?"

"போர்டுல போடக்கூடாதுன்னு எழுதியிருக்குல்ல?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. நீங்கதான ராகம் போட்டு வாசிச்சுக் காட்டுனீக."

தாய்மார்களே, எனக்கு வெட்கமாக இருந்தது. நனைந்த பக்கமாகச் சுற்றிப் போய், அவர் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கொப்புளம் உடைந்த உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் கைதட்டி வாங்குன புல்லு. நான் வந்து குத்தஞ் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

நம் பிள்ளைகள் வந்து, புல் ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னபோது நாம் என்ன நினைத்தோம்? உயர்ந்த சரக்கு என்று நினைத்தோம். ஒருவராவது கேட்டோமா, மதுரை வெயிலில் பிளாஸ்டிக் எப்படியப்பா குளிரும் என்று? ஒரு மதியமாவது எட்டிப் பார்த்தோமா? நீர் கேட்காத புல்லுக்கு நாள் தவறாமல் நீர் வார்த்தது யார்? வேலையே இல்லை என்று நான் எழுதிக்கொண்டிருந்த வேளையில், வெந்த காலோடு வேலை செய்தது யார்?

அந்தப் பலகையை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். ஆனால் தீர்மானத்தைப் பிடுங்கும் அதிகாரம் எனக்கில்லை, அது உங்களுடையது. மறைக்க மனமில்லாமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குழாயைக்கூட மூடவில்லை.

"சரிங்கய்யா. எனக்குப் பதிலா வாரவுககிட்ட ரெண்டு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லிருங்க. பிந்துனா நாலரைக்குள்ள ஆறாது" என்றார்.

பதிலுக்கு யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பேசுகிறவன், படியிலிருந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

புல்லையே பெயர்த்துவிடலாம் என்கிறீர்களா ராம்கி? இல்லை, பெயர்ப்பதா வேண்டாமா என்று இன்னொரு கூட்டத்தில் சண்டை போட்டுக்கொள்வோம். எனக்கு இன்று அதற்குத் தெம்பில்லை. இன்று ஒன்றே ஒன்று. தலைவர் இப்போது ஏழாம் தீர்மானத்தை வாக்குக்கு விடுவார். எழுதிய நானே எதிர்க்கிறேன். தங்கப்பொண்ணு இங்கேயே வேலையில் இருக்க வேண்டும் என்பவர்கள் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்குங்கள். நல்லகாமன் அண்ணே, உங்கள் கையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

என்னிடமிருந்த அடுக்குமொழியெல்லாம் தீர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. இதோ, வணக்கம் சொல்லிக் கை கூப்பிவிட்டேன். நீங்கள் கை தூக்கும்வரை இதை இறக்கப்போவதில்லை.