நான் பென்சிலால் மறைத்த அம்மைத் தழும்புகள்

விழுப்புரம், 5-2-1964, புதன்கிழமை. பகல் ஒன்றரை மணிக்கு எழுதத் தொடங்கியது.

என் பெயர் மாசிலாமணி. தகப்பனார் பெயர் கிருஷ்ணசாமி. வயது நாற்பத்தொன்று. தொழில் போட்டோ பிடிப்பது. திண்டிவனம் செஞ்சி ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதன் பின்கட்டில் என் மனைவி காந்திமதியும் நானும் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியும். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்து சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் ஐயா எழுதிக்கொள்கிறார்.

1957-ஆம் வருஷம் தீபாவளி கழிந்து நாலாம் நாள் காலையில் போலீசார் என்னை மரக்காணம் ரோட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையில், கிணற்று மேட்டின் மேல், சுமார் இருபத்தைந்து வயதுள்ள பெண் பிணம் கிடந்தது. நீலச் சேலை. கழுத்தில் துணி இறுக்கிய தடம் இருந்தது. முகம் கெடவில்லை, ஆனால் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் மூக்கு நுனி வரைக்கும் அம்மைத் தழும்புகள் நிறைய இருந்தன. நான் முகத்தை மட்டும் ஒரு கண்ணாடிப் பிளேட்டில் எடுத்தேன். அடையாளம் சொல்ல யாரும் வராததால் அன்று சாயங்காலமே பிணத்தைப் புதைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் தொழிலில் டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. பிளேட்டைக் கழுவிக் காயவைத்த பிறகு, அதன் மேல் கூர்மையான பென்சிலால் பொடிப் பொடியாகக் கோடு போட்டால் முகத்தில் உள்ள மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு எல்லாம் படத்தில் மறைந்துவிடும். அந்தக் காலத்தில் பாதிப் பெண்களுக்கு முகத்தில் அம்மை வடு இருக்கும். கல்யாணப் படம் எடுக்க வரும் வீட்டார் முதலில் கேட்பது, தழும்பு தெரியாமல் எடுத்துத் தருவீர்களா என்பதுதான். திண்டிவனத்தில் என் கை அதற்குப் பேர் போனது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிறு எரிந்து சொல்கிறேன்.

அது ஐப்பசி முகூர்த்தக் காலம். மேஜை மேல் ஒன்பது கல்யாணப் பிளேட்டுகள் இருந்தன. போலீஸ் பிளேட்டும் அவற்றோடு இருந்தது. நான் வரிசையாக எல்லாவற்றுக்கும் டச்சிங் செய்துகொண்டு வந்து, இதற்கும் செய்தேன். கை பழக்கத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பத்துத் தழும்பு மறைந்த பிறகே இது எந்தப் பிளேட் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. யார் பெற்ற பெண்ணோ, பார்க்க வருகிறவர்கள் பயப்படாமல் இருக்கட்டும் என்று நினைத்து மிச்சத்தையும் முடித்தேன். அதன் பிறகு மூன்று படம் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். படத்தில் இருந்த பெண் தூங்குகிறவள் மாதிரி, முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தாள்.

அதன் பிறகு ஆறு வருஷம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. போன வருஷம் கார்த்திகை மாதம் விழுப்புரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஐயா திண்டிவனம் வந்து, துப்புக் கிடைக்காமல் நின்றுபோன ஏழு பழைய கேசுகளை மறுபடியும் எடுத்திருப்பதாகவும், பொதுஜனங்களிடம் உதவி கேட்கப் போவதாகவும் சொன்னார். நீலச் சேலைப் பெண்ணின் கேஸ் காகிதங்கள் புயல் மழையில் ஊறி எழுத்து அழிந்துவிட்டன, இனி உங்கள் பிளேட் ஒன்றுதான் இருக்கிறது, பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுங்கள் என்றார். நான் பெட்டியைத் திறந்து பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். என் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போலீஸ் சாட்சியத்தில் கை வைத்தவன் என்று என்னை உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு அச்சுப் போட்டேன். அது நான் செய்த இரண்டாவது குற்றம்.

அதன் பிறகு ஏழு படங்களையும் பலகையில் ஒட்டி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். சுற்று வட்டாரச் சந்தைகளில் தண்டோரா போட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் பயப்படாமல் வந்து சொல்லலாம், பெயர் வெளியே வராது என்று அதில் சொன்னார்கள். டிசம்பர் மாதம் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, பத்து மணி சுமாருக்கு, பலகையில் ஓரம் பெயர்ந்த படங்களை ஒட்டுவதற்காக நான் பசை டப்பாவோடு அங்கே நின்றேன். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் இருந்தார்.

அப்போது ஐம்பது வயதுள்ள ஒரு அம்மாளும் இருபது வயதுப் பெண்ணும் வந்தார்கள். அம்மாள் பெயர் அஞ்சம்மாள், பெண் பெயர் பாஞ்சாலி, ஊர் கண்டாச்சிபுரம் பக்கம் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னதைக் கேட்டேன். மூத்த மகள் தையல்நாயகி ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போனாள், யாருடனோ பெங்களூருக்கு ஓடிவிட்டாள் என்று மருமகன் சொன்னார், மானத்துக்குப் பயந்து நாங்கள் புகார் கொடுக்கவில்லை, சந்தையில் தண்டோரா கேட்டதால் வந்தோம் என்று சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு அந்த மருமகன் நின்றார். அவரை எனக்குத் தெரியும். பெயர் ராஜாங்கம், வயது நாற்பது இருக்கும். முன்பு கண்டாச்சிபுரத்தில் இருந்து, 1958-இல் திண்டிவனம் வந்து மல்லாட்டை மண்டி வைத்தவர். வெயிலே இல்லாத நாளில் அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அஞ்சம்மாள் நாலாவதாக இருந்த நீலச் சேலைப் பெண்ணின் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "சாடை எங்க தையலாட்டமே இருக்குதுங்க. ஆனா அவ மூஞ்சி பூரா ஆத்தா போட்ட முத்து. இந்தப் பொண்ணு மூஞ்சி வழவழன்னு இருக்குது. இவ வேற யாரோ" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எம் பொண்ணு எங்கயோ உசுரோட இருக்குது, அது போதும் என்று கான்ஸ்டபிளைக் கும்பிட்டார். மடியில் முடிந்து வைத்திருந்த வறுத்த மல்லாட்டையை எடுத்து அவருக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி கொடுத்தார். பசை ஒட்டிய கையில் நான் அதை வாங்கிக்கொண்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் சமயம் ராஜாங்கம் முன்னால் வந்து முதல் தடவையாக அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். வேறு பெண் என்று மாமியார் சொன்ன படத்தை அவர் எதற்கு அவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? படத்தின் கன்னத்தில் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். அதன் பிறகு தலையைத் திருப்பி என் பசை டப்பாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. ஊரான் முகத்தையெல்லாம் மாற்றிக் கொடுக்கிற எனக்கு என் முகத்தை மாற்றத் தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். படம் பிடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, தாடையில் இருந்த வெட்டுக் காயத்தைக் காட்டி, "இது தெரியாம எடுக்க முடியுங்களா?" என்று கேட்டார். முடியும் என்றேன். "நல்ல கைங்க உங்களுக்கு. எதையும் மறைச்சிடுவீங்க" என்றார். அதன் பிறகு கண்ணாடிப் பிளேட்டெல்லாம் எங்கே வைப்பீர்கள் என்று விசாரித்தார். "கண்ணாடிதானே, கைதவறி விழுந்தா ஒடஞ்சி போவும். ஒடஞ்சா உங்களுக்கும் நல்லது. போலீஸ் படத்த அழிச்சது நீங்கதானே, உங்களையும்தான் உள்ள வைப்பாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. போகிறபோது வாசலில் நின்று, "வூட்டுக்காரம்மா தெனம் தனியாத்தான் கெணத்துக்குப் போய்க்கினு வர்றாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் நான் காந்திமதியைத் தனியாகக் கிணற்றுக்கு விடவில்லை. நானே குடம் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தெருவில் கேலி செய்தார்கள். பிளேட்டைத் துணியில் சுற்றிக் கேப்பைப் பானைக்குள் புதைத்து வைத்தேன். உடைத்துவிடலாம் என்று இரண்டு தடவை வெளியே எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப வைத்தேன். ராஜாங்கம் தினம் தவறாமல் பதினொரு மணிக்கு வந்து அதே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பத்தரைக்கே நான் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். சாப்பாடு இறங்கவில்லை. பயம் என்றால் இப்படி இருக்கும் என்று நாற்பது வருஷம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சென்ற வியாழக்கிழமை, முப்பதாம் தேதி, அவர் அஞ்சம்மாளையும் பாஞ்சாலியையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஓடிப்போனவள் இனி வரமாட்டாள் என்று முடிவு செய்து, தங்கையை அவருக்கே கொடுப்பதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். பலகையில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அஞ்சம்மாளுக்கு மனசு துணிந்ததாம். வருகிற ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மயிலம் கோயிலில் முகூர்த்தம். அதற்குப் படம் பிடிக்க நான் வர வேண்டும் என்று ராஜாங்கம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று பாஞ்சாலியைத் தனியாக நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் நெற்றியில் இரண்டு அம்மை வடு இருந்தது. நான் கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விடப் போகும்போது அவள் மெதுவாக, "அண்ணே, இந்த ரெண்டையும் அழிச்சிடாதீங்க. நானும் எங்கக்காவும் ஒரே பாயில வேப்பெலமேல படுத்துக் கெடந்தப்ப வந்தது. தழும்பு தெரியும்னு எங்கக்கா ஒரு போட்டோகூட எடுத்துக்கல" என்றாள். சரி அம்மா என்றேன். கருப்புத் துணிக்குள் தலையை விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. உள்ளே அழுதேன்.

அதன் பிறகு காந்திமதியிடம் நடந்ததை ஆதியிலிருந்து சொன்னேன். அவள் கேப்பைப் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணு கழுத்துல அவன் தாலி கட்டுறத நீங்க படம் புடிப்பீங்களா? நீங்க போவலன்னா நான் போறேன்" என்றாள். அப்படியும் நாலைந்து நாள் நான் கிளம்பவில்லை. திண்டிவனத்தில் யாரிடம் சொன்னாலும் மண்டிக்குச் செய்தி போய்விடும் என்று பயம். இன்று காலை காந்திமதியை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பிளேட்டைக் கேப்பை மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டி, அரைக்கப் போகிறவன் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு பாசஞ்சர் ரயில் ஏறினேன். பிளாட்பாரத்தில் மண்டி ஆள் ஒருவன் நின்றான். என்னைப் பார்த்தானா இல்லையா தெரியாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். விழுப்புரம் ஜங்ஷன் வரும் வரை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தேன். இன்று பதினொரு மணிக்கு அவர் வந்து பூட்டிய ஸ்டுடியோவைப் பார்த்திருப்பார்.

இங்கே இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில், இரண்டு சாட்சிகள் பார்க்க, பிளேட்டை மேஜை மேல் வைத்து, டர்பன்டைன் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பென்சில் கோடு அதற்கு நிற்காது. பஞ்சு கருத்தது. அதன் பிறகு ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன். பிளேட்டில் கருப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கருப்பாகவும் இருக்கும் என்பதால், தழும்புகள் ஒவ்வொன்றும் சின்ன வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தன. நெற்றியில், கன்னத்தில், மூக்கு நுனியில், ஒன்று விடாமல் எல்லாம் இருந்தன. இதிலிருந்து புதிதாக ஒரு படம் அச்சுப் போட்டுக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். இருட்டறையும் மருந்தும் மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

ராஜாங்கம் கொலை செய்ததை நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன். நாளைக்குள் அஞ்சம்மாளையும் பாஞ்சாலியையும் வரவழைத்துப் புதுப் படத்தைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தாண்டினால் பிரயோஜனமில்லை. அவர்களிடம் காட்டும்போது நானும் இருக்கிறேன், முதல் படத்தில் முகத்தை மாற்றியது என் கைதான் என்று நானே சொல்கிறேன். அந்த அம்மாள் கொடுத்த மல்லாட்டையை நான் இன்னும் தின்னவில்லை. என் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். என் மனைவிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கருப்புத் துணிக்குள் நான் அழுதேன் என்ற வரி கேசுக்கு வேண்டியதில்லை, விருப்பமானால் எடுத்துவிடலாம் என்று ஐயா சொன்னார். எடுக்க வேண்டாம், இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று சொன்னேன். இதில் உள்ளவை எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை நடந்தவை. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

(ஒப்பம்) கி. மாசிலாமணி