மெழுகு கொதிப்பதில்லை

காப்பியை ஆறவைத்துத்தான் குடிப்பேன், இன்ஸ்பெக்டர் சார். அங்கேயே இருக்கட்டும். சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும்.

ஓசூரில் சென்னகிருஷ்ணனின் மெழுகுவத்திக் கம்பெனியில் எனக்கு வேலை. பெங்களூரில் ரசாயனம் படித்தவள். காட்டிலிருந்து வரும் தேன்மெழுகில் பாரபின் என்கிற மலிவான பெட்ரோலிய மெழுகு கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

தேன்மெழுகு எண்ணெயைப் போன்றதல்ல. எண்ணெயில் கிளிசரின் உண்டு, இதில் கிடையாது. நீண்ட அமிலமும் நீண்ட ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டர்தான் இதில் பெரும்பகுதி. பொட்டாஷ் காரம் சேர்த்துக் காய்ச்சினால் அது பிரியும். எவ்வளவு பொட்டாஷ் செலவாகிறது என்பதை வைத்து எஸ்டரின் அளவு தெரியும். பாரபினில் எஸ்டர் இல்லை. கலந்திருந்தால் அளவு குறையும்.

ஜவளகிரிக் காட்டில் தேன் எடுத்து விற்கும் மாரம்மா கொண்டுவந்த மெழுகில் அளவு குறைந்தது. கலப்படம் என்றேன். சென்னகிருஷ்ணன் அவள் மூட்டையைத் தெருவில் வீசச் சொன்னார்.

பிறகு, மிச்சமிருந்த துண்டை நெடுநேரம் காய்ச்சிப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது. எண்ணெய்க்குக் காய்ச்சுகிற நேரமே மெழுகுக்கும் போதும் என்று முதலில் நினைத்துவிட்டேன். மெழுகின் எஸ்டர் சுலபத்தில் பிரியாது. அவள் மெழுகு சுத்தம். நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் சிங்காரப்பேட்டைக்குத் திரும்பி மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மாரம்மா மறுபடி வந்தாள். எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள்.

“ஏம்மா காலேஜு, எம் மெழுகுல என்னாத்தக் கண்ட?”

எனக்குக் கூட்டத்தில் பேச வராது.

“வாயில மெழுகு அடச்சிக்கினு நிக்கிறா பாரு.”

ஆட்கள் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனும் சிரித்தார்.

“மொதலாளி, எங்க பக்கம் ஒரு சத்தியம் இருக்குது. மெழுகு உருகுனதும் கைய முக்குவோம். பொய்யின்னா வெந்துபூடும். நான் முக்கறேன். வேகலன்னா இவள ஊருக்குப் பொட்டி கட்டச் சொல்லு.”

“ஆவட்டும்,” என்றார் சென்னகிருஷ்ணன்.

தேன்மெழுகு அறுபத்து நான்கு டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் சட்டென்று முக்கி எடுத்தால் சுரீர் என்னும், அவ்வளவுதான். கையில் உறைபோலப் படியும். அவள் அதைப் பலமுறை செய்திருப்பாள்.

தண்ணீர் கொதித்துக் காட்டும். மெழுகு அப்படியல்ல. அதன் மூலக்கூறுகள் பெரியவை, எளிதில் ஆவியாகா. நூற்றைம்பது டிகிரியிலும் அதே மஞ்சள் நிறம், அதே அமைதி.

ஸ்டவ் என் பொறுப்பு. பம்ப் அடித்தேன்.

“உருகிடுச்சாம்மா?” என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

“உருகிவிட்டது,” என்றேன். அது உண்மை.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வலது கையை மணிக்கட்டு வரை விட்டாள். தண்ணீர் போல மெழுகு வழிந்து ஓடாது, பிடித்துக்கொள்ளும். அதை உரித்தபோது கூடவே என்ன வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். கையை வெட்டி எடுத்துவிட்டார்களாம்.

“சத்தியம் காட்டிக் குடுத்துடுச்சு பாத்தியா,” என்றார் சென்னகிருஷ்ணன். இப்போது ஜவளகிரியில் அவளைப் பொய்க்காரி என்கிறார்கள். அவள் கொண்டுபோகும் தேனைக்கூட யாரும் வாங்குவதில்லை.

தெர்மாமீட்டர் என் கையில்தான் இருந்தது. நூற்றைம்பதைப் பார்த்துவிட்டு, மேலும் பம்ப் அடித்தேன். அவள் கை போகவேண்டும் என்றுதான் அடித்தேன். ஆனால் எவ்வளவு சூடு என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது, சார்.