மூணாவது சங்கையா

இல்ல சார், உக்காருங்க. குமுளி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. சாயா ஆறிரும், குடிங்க. லயத்து வீடுகள்ல ஆளுக்கொரு சங்கையாவச் சொல்லிக் குழப்பிருப்பாங்களே? அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. இந்த எஸ்டேட்ல மூணு சங்கையா.

கங்காணி சங்கையா ஒருத்தரு. கோட்டு, தலைப்பா, குதிரை. அவரா இருந்தா நல்லாருக்கும்னு உங்களுக்கு ஆசைதான், முகத்துலயே தெரியுது. ஆனா அவரு கோவில்பட்டிக்காரரு. வாச்சர் சங்கையா இங்கயே பொறந்தவரு, கல்யாணமே கட்டலை. உங்களுக்கு ஊரு கோம்பைன்னீங்க. வாய்க்காத் தண்ணிச் சண்டையில ஒருத்தன வெட்டிட்டு, பொண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் விட்டுட்டு மலையேறுனவருன்னா, அது ஃபேக்டரி சங்கையா. அவருதான் உங்கய்யா.

எனக்கெப்படித் தெரியும்னா... தெரியும் சார். விடுங்க.

ஆமா, இங்கயும் ஒரு குடும்பம் ஆயிப்போச்சு. மூக்கம்மான்னு, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ. ஒரு மகன். கோவப்படாதீங்க. ஊருக்குத் திரும்புனா வெட்டுப்பட்டவன் ஆளுக தலைய எடுத்திருப்பாங்க. கடுதாசி போட்டா இருக்கிற எடம் தெரிஞ்சிரும். ஆனா மறந்துட்டாருன்னு மட்டும் நினைச்சிராதீங்க. மறந்திருந்தா இங்க உள்ளவங்க நிம்மதியா இருந்திருப்பாங்க.

தீவாளிக்குத் தீவாளி ரெண்டு சட்டை தைப்பாரு. ஒண்ணு இங்க உள்ள பயலுக்கு. இன்னொண்ணு அவனைவிடப் பெருசு. டெய்லர் அளவு கேட்டா கைய ஒசத்திக் காட்டி, இந்நேரம் இம்புட்டு இருப்பாம்பாரு. நம்பிக்கையான ஆளு கெடச்சா கோம்பைக்குக் குடுத்துவிடணும்னு பொட்டியில வச்சிருவாரு. எந்த ஆளு கெடச்சான்? பய சட்டை முதுகுல கிழிஞ்சு தொங்கும். அதக் குடுங்கய்யான்னு கேட்டா, அது உன்னது இல்லடாம்பாரு. பரிச்சையில தோத்தா, அவன் தோத்திருக்கமாட்டாம்பாரு. பொய் சொல்லி மாட்டிக்கிட்டா, அவன் பொய் சொல்லமாட்டாம்பாரு. கண்ணால காணாத பிள்ளை எங்க சார் தப்பு செய்யும்? பக்கத்துல கெடக்கிறவன்தான செய்வான்?

உங்களுக்கு ஒரு சட்டையும் வந்து சேரலைன்னு தெரியும். தெரிஞ்சும் வயிறு எரியத்தான் செஞ்சுச்சு. இப்பவுந்தான்.

சரி, பத்திரிகை விசயத்துக்கு வாரேன். மக கல்யாணத்துக்கு அடிக்கிறீங்க, தாத்தா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடலாமா கூடாதான்னு தெரியாமத்தான இம்புட்டு தூரம் வந்தீங்க? போட்டுருங்க சார். போன தைக்கு முந்தின தை. நெஞ்சுச் சளி.

அழுங்க, அழுங்க. அழ உங்களுக்கில்லாத உரிமையா? எல்லாம் உங்களுக்கு வச்சதுதான்.

எம்பேரா? இங்க மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. சுருளிவேல். ஆமா, உங்க பேருதான். சங்கையாவப் பெத்த அய்யா பேரு. மூத்தவனுக்கு வச்சாரு, அவன் இனிமே கைக்குக் கெடைக்கமாட்டான்னு ஆனதும் எனக்கும் அதையே வச்சுட்டாரு. கூப்பிடுறப்பல்லாம் யாரைக் கூப்பிடுறாருன்னு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். கடைசியில தீந்துபோச்சு. கண்ணத் தெறந்து என்னையப் பாத்தாரு. அப்படி ஒரு சிரிப்பு, நான் பாத்ததே இல்ல. சுருளி, வந்துட்டியாடான்னாரு.

நான் எங்கருந்துண்ணே வாரது? அவரு படுத்த நாள்லருந்து அந்தக் கட்டிலவிட்டு நகரவே இல்லையே.