விறாந்தை விளக்கு

ஓடுகிறோம். தண்டவாளம். கூரான கல். காலில் செருப்பில்லை. இடது பக்கம் கடல். வலது பக்கம் வீடுகள் எரிகின்றன. என் கையைப் பிடித்து இழுப்பவன் சேகர், என் கணவரின் தம்பி. அவன் காதிலிருந்து இரத்தம் கழுத்து வரை வடிகிறது. பின்னால் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். பிறகு தொம் என்று ஒன்று. காஸ் சிலிண்டர்.

"திரும்பிப் பாக்காதேங்கோ அண்ணி."

நான் பார்த்தேன். எங்கள் வீட்டு முன்விறாந்தை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1983 யூலை 25. திங்கட்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை. வீட்டில் மூன்று பேர். நான், சேகர், என் கணவர் அருள். அவர் பகலில் துறைமுகக் கந்தோரில் கப்பல் கடதாசிகளோடு மாரடிப்பார். பின்னேரம் வீட்டுக்கு வந்து விண்வெளிக் கப்பல் ஓட்டுவார். நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலின் பெயர் நெடுவழி. அதிலும் மூன்று பேர்தான். தலைவன், எஞ்சின்காரன், ரேடியோக்காரி. ரேடியோக்காரி தலைவனை ஒரு வார்த்தை பேச விடமாட்டாள். ஆளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டுவார். சோறு ஆறிப்போகும். பத்தொன்பதாவது அத்தியாயத்தில் எதிரிகள் வந்துவிட்டார்கள். கண்ணில்லாத கூட்டம். வெளிச்சத்தை மோப்பம் பிடித்து வந்து கப்பலைக் கிழிக்கும். தலைவன் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்கிறான். மூச்சு விடாமல் கிடந்தால் கூட்டம் கடந்து போய்விடும் என்கிறான்.

அதில்தான் எங்களுக்குச் சண்டை. நான் கொட்டாஞ்சேனைக்காரி. எங்கள் தெருவில் சண்டை என்றால் முதலில் விளக்கைப் போடுவார்கள், பிறகு வாசலுக்கு வருவார்கள். வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டாமா? ஒளிக்கிறவனைத்தான் துரத்துவார்கள் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி அத்தியாயம் அப்படியே நின்றது.

அன்று காலையிலிருந்து காலி வீதியில் புகை. தமிழரின் கடைகளை ஒரு சிங்களக் கூட்டம் எரித்தது. பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அது எங்களுக்கு மட்டுந்தான். கூட்டம் வீதியிலேயே நின்றது. பொழுது சாய்கிற நேரம் ஒழுங்கைக்குள் திரும்பியது. தகரத்தில் இரும்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

அருள் எழுந்தார். எல்லா விளக்கையும் அணைத்தார். யன்னல்களைச் சாத்தினார். எங்களை மேசைக்குக் கீழே இருத்தினார்.

இருட்டில் கிடக்கிறோம். யன்னல் இடுக்கால் பார்க்கிறேன். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. எங்கேயோ ரேடியோ பாடுகிறது. சிங்களச் சனம் வாசலில் நிற்கிறது. பயமில்லாதவன் ஏன் விளக்கை அணைக்கிறான்? இருட்டாய்க் கிடக்கும் ஒரே வீடு எங்களுடையது. விலாசம் எழுதி ஒட்டிவிட்ட மாதிரி.

எதிர்வீட்டுச் சோமாவின் குரல் வருகிறது. களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. கேற்றில் நின்று கத்துகிறாள்.

"நங்கி, லைட் தான்ன! லைட் தான்ன!"

தங்கச்சி, விளக்கைப் போடு என்கிறாள். நான் எழும்பினேன். அருள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அசையாதேயும். இருட்டுத்தான் எங்களைக் காப்பாத்தும்."

முதல் கல் வந்தது. யன்னல் சிதறிச் சேகரின் காதைக் கிழித்தது. அவன் வாயை நான் பொத்தினேன். கேற் விழுந்தது. கதவில் கோடரி. பெற்றோல் மணம். கொல்லைப்பக்கம் ஓடினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அருள் முதலில் சேகரைத் தூக்கி விட்டார். பிறகு என்னை. வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையிலுள்ள ஓடையால் நாலைந்து பேர் எங்களை நோக்கி வருகிற சத்தம் கேட்டது. நான் மதில்மேல் இருந்து கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"நீர் சொன்னதுதான் சரி," என்றார். "தம்பியைக் கூட்டிக்கொண்டு போம்."

உள்ளே போனார். விறாந்தை விளக்கு எரிந்தது.

ஓடையால் வந்தவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு முன்பக்கம் திரும்பி ஓடினார்கள். அவருடைய குரல் கேட்டது. கந்தோரில் பேசுகிற மரியாதையான சிங்களம். கொஞ்ச நேரம் அது கேட்டது. பிறகு அடி. பிறகு அவருடையது என்று நான் நம்ப மறுத்த ஒரு சத்தம். சேகர் என்னை இழுத்துக் கீழே விழுத்தினான்.

மிச்சத்தைச் சோமா சொன்னாள். நாங்கள் கோயில் மண்டபத்தில் அகதிகளாய்க் கிடந்தபோது தேடி வந்து சொன்னாள். இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார்களாம். விறாந்தைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். கையை முறித்துத்தான் தூணிலிருந்து எடுத்தார்களாம். ஒழுங்கைக்கு இழுத்து வந்து பெற்றோல் ஊற்றினார்கள். சோமா காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறாள். அவளையும் உதைத்தார்கள். உதைத்தவர்களில் ஒருவன் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவனாம்.

எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மனுசன் ஒரு தடவையாவது என் சொல்லை நேரத்தோடு கேட்டிருக்கலாம். இன்றைக்கும் பொழுதுபட்டால் வீட்டில் எல்லா விளக்கையும் போடுகிறேன். கரண்ட் பில்லைப் பார்த்துச் சேகர் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.

இழந்ததைச் சொல்கிறேன். வீடு, கூரை வரை. தையல் மெஷின். கல்யாணப் படங்கள் எல்லாம். சேகரின் ஒரு காது. நாவல், பத்தொன்பது அத்தியாயம், ஒரு தாளும் மிஞ்சவில்லை. அருள். புதைக்க எதுவும் கிடைக்கவில்லை.

கடைசி அத்தியாயம் எழுதாமலே போய்விட்டார் என்று தெரிந்தவர்கள் அனுதாபப்படுவார்கள். அதன் முடிவு எனக்குத் தெரியும். கப்பலில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவன் எழுந்து போய் விளக்கைப் போட்டான். இரண்டு பேர் தப்பினார்கள்.