நிலாவுக்கு முளைத்த வால்

எழுபதுகளில் ஒரு நாள் காலை, விருத்தாசலம் ஜங்ஷனில் மெட்ராஸ் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. அந்த அம்மாள் கையில் ஒரு போட்டோ இருந்தது.

“என்னங்க, நிலாவுக்கு வாலு முளைச்சிருக்குது.”

“வாலு இல்ல. இரவல் டெலஸ்கோப்பு வழியா எடுக்கும்போது ஸ்டாண்டு ஆடிடுச்சு.”

“அப்ப இன்னிக்கு நல்ல ஸ்டாண்டா பாத்து வாங்குங்க.”

“மெட்ராஸ்ல ரெண்டு டெலஸ்கோப்பு விலைக்கு வருது. ஒன்னு பெரிய குழாய், ஆனா ஸ்டாண்டு லேசு. இன்னொன்னு சின்னக் குழாய், ஸ்டாண்டு கனத்த இரும்பு. வானம் நகர நகர அதுவும் கூடவே திரும்பும்.”

“எதை வாங்கப் போறீங்க?”

“பெருசைத்தான். சனியோட வளையமே தெரியும்.”

“நம்ம வூட்ல இருக்குற சனி போதாதா?”

அவர் சிரிக்கவில்லை. “எத்தினி வருச ஆசை தெரியுமா?” என்றார்.

அந்த அம்மாளின் குரல் தணிந்தது. “அதனாலதாங்க சொல்றேன். புள்ளைங்கள போட்டோ எடுத்தா ஆடாம நில்லுன்னு அதட்டலாம். சனிகிட்ட யாரு சொல்றது? பெருசா வாங்கினா வாலும் பெருசாத்தான் விழும்.”

அவர் போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். வரிசை நகர்ந்தது.

“சரி, சின்னதே வாங்கிடுறேன்” என்றவர், கவுண்டரில் குனிந்து, “மெட்ராஸ் ஒன்னு” என்றார்.

“ரெண்டா குடுங்க சார்” என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து எட்டிச் சொன்னார். “அந்த இரும்ப இவரு ஒண்டி ஆளா எப்படித் தூக்கிட்டு வருவாரு?”