களி உருண்டைக்கு ஓர் எதிரி

களி கிண்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சிஸ்டர். தண்ணீர் கொதிக்கும்போது கேழ்வரகு மாவைப் போட்டு, கட்டி சேராமல் துடுப்பால் கிளறினால் முடிந்தது. கிண்டிய களியைப் பிள்ளையின் வாய்க்குள் அனுப்புவதுதான் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று அடுத்த கூட்டத்தில் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லச் சொன்னீர்கள். மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வேண்டாததை நீங்களே வெட்டிவிடுங்கள்.

இரண்டு பையன்களையும் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். என் அண்ணன் மகன் சந்தோஷ்குமார், அடுத்த வீட்டு யுவராஜ். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, ரத்தமே இல்லை என்றீர்கள். வீட்டில் விளைகிற சாமையும் கேழ்வரகும் கீரையும் போடுங்கள் என்றீர்கள். ராஜேஸ்வரி அண்ணியும் யுவராஜின் அம்மா பாப்பாத்தி அக்காவும் ஒரே குரலில், "தின்னமாட்டீங்கறானுங்க, நாங்க என்னங்க பண்றது" என்றார்கள். அப்போது இருவரும் எதையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் தின்றது ரேஷன் அரிசிச் சோற்றில் சர்க்கரை. இல்லையென்றால் நூடுல்ஸ், ஐந்து ரூபாய் மசாலா பாக்கெட். நான் போனில் வீடியோ பார்த்து, சாமை உப்புமாவைக் கரடி மாதிரி பிடித்து வைத்தேன். கண்ணுக்கு இரண்டு மிளகு. சந்தோஷ் மிளகை எடுத்துக் கோழிமேல் சுண்டிவிட்டு எழுந்து போனான். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா கண்ணு" என்றார்.

காலேஜில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது விலங்கியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பி.எட். சேர வேண்டும் என்று நான் சொன்ன அதே வாரம்தான் அடுத்த வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்தார்கள். யுவராஜின் சித்தப்பா பிரவீனுக்கு என்னைப் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம். என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒன்று கேட்டார். டிப்பர் லாரி ஓட்டுகிறவர், நன்றாகச் சிரிக்கிறவர். "படிச்சதெல்லாம் இருக்கட்டும். களி கிண்டத் தெரியுமாங்க?" வீடே சிரித்தது. அப்பாவின் சிரிப்புதான் பெரிது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாளே யுவராஜுக்கு என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மாலையில் டியூஷனுக்கு வரும்போது, "சித்தி, ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோச்சு" என்பான். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்றிக்குட்டியைத் தனியாக விட்டால் நுனிப்புல் மேய்கிற மாதிரி வாய் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு குட்டி வந்து முட்டினால் தொட்டியையே நக்கிவிடும். பையன்களுக்கு வேண்டியது சத்தான சாப்பாடு மட்டும் இல்லை, எதிரே ஓர் எதிரி. நான் அதைச் செய்து கொடுத்தேன்.

சந்தோஷிடம் சொன்னேன்: "யுவராஜ் ரெண்டு உருண்டை களி தின்னுட்டு உன்னைத் தூக்கிக் கிணத்துல போடுவேங்கறான்." யுவராஜிடம் சந்தோஷின் பெயரைப் போட்டு அதையே சொன்னேன். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் களிச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, சிஸ்டர்.

ஆனால் குழந்தை மட்டும் மாறினால் போதாது, சமையல் மாற வேண்டும் என்பது நீங்களே சொன்னது. அண்ணியின் சாமைச் சோற்றில் கல் கிடக்கும். பாப்பாத்தி அக்கா கீரையைத் தண்ணீராக்கிவிடுவார். நேராகச் சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். அதனால் நேராகச் சொல்லவில்லை. அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, அண்ணி ஏதோ சொன்னதாக ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன்.

"ஏஞ்சாமி, என்ற கீரையக் கழனித் தண்ணின்னாளா?"

"நான் எதுவும் சொல்லலீங்க அக்கா" என்றேன். அது உண்மை. நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கல்லைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அண்ணி அடுத்த வாரமே பேளுக்குறிச்சிச் சந்தையில் புது முறம் வாங்கி வந்தார். அக்கா கீரைக்குப் பருப்பும் பூண்டும் போட்டார். இங்கே கொள்ளு, அங்கே அவரை. இங்கே முருங்கை, அங்கே முட்டை. வாசம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்துத் தாளித்தார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜவ்வரிசி மில்லுக்குக் குச்சிக்கிழங்கு போட்டிருந்த கொல்லையில் அண்ணன் சாமை விதைத்தான். அதைப் பார்த்து யுவராஜின் அப்பா சென்றாயன், வரப்பு தாண்டி ஒரு முழம் கூடவே விதைத்தார்.

வரப்பில் ஒரு பலாமரம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொது. இப்போது அடிக்கட்டை இருக்கிறது.

தண்ணீர்க் குழாயை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணியும் அக்காவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சந்தோஷ் பிறந்தபோது அண்ணிக்கு மஞ்சள்காமாலை. பாப்பாத்தி அக்காதான் ஒரு பக்கம் யுவராஜையும் மறுபக்கம் இவனையும் போட்டுப் பால் கொடுத்தவர். அப்படிப்பட்டவர்களைப் பிரித்துவிட்டாயே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பால் நல்ல பால்தான். இரும்புச்சத்து கம்மி.

போன மாதம் சந்தோஷ், யுவராஜின் தோளைக் கடித்துவிட்டான். பல் நன்றாகவே பதிந்திருந்தது. கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து வீண்போகவில்லை. பஞ்சாயத்துப் பேச இரண்டு வீட்டாரும் அந்த அடிக்கட்டைப் பக்கம் கூடினார்கள். கடியில் ஆரம்பித்து, கல்லுக்குப் போய், கழனித் தண்ணீருக்கு வந்து, வரப்பில் நின்றது. கடைசியில் சென்றாயன், "கடிக்கிற ஊட்டுல பொண்ணெடுத்தா நாளைக்கு என்ற தம்பிக்கு ஊசி போடோணும்" என்றார். அப்பா உள்ளே போய் நிச்சயத் தட்டைக் கொண்டுவந்து அடிக்கட்டைமேல் வைத்தார். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

பிரவீன் மட்டும் மறுநாள் வந்தார். டிப்பரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டார். "ரெண்டு ஊட்டுக்கும் போய் வந்தது நீ ஒருத்திதான். நான் களி கிண்டத் தெரியுமான்னு கேட்டதுக்கா இத்தனையும்?"

"பசங்களுக்கு ரத்தம் ஏறியிருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவரை அவர் சிரிக்காமல் நான் பார்த்ததே இல்லை. "என்னைப் புடிக்கலைன்னு என்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தோன்றியிருந்தாலும் அதனால் சந்தோஷுக்கு ஒரு கைப்பிடி கீரைகூட உள்ளே போயிருக்காது.

ஆக, எல்லாவற்றையும் செய்தது நான்தான். கிணற்றுப் பேச்சு, கல், கழனித் தண்ணீர், எல்லாம் நான்தான். செய்தது குழந்தைகளுக்காக. கல்யாணம் நின்றது பக்கவிளைவு. உங்கள் இரும்பு டானிக் குடித்தால்கூட மலச்சிக்கல் வருகிறது, யாராவது உங்களைக் குற்றம் சொல்கிறார்களா? இமையை நீங்களே மறுபடி இழுத்துப் பார்த்தீர்கள், செக்கச்செவேல் என்று இருந்தது. யுவராஜ் இப்போது டியூஷனுக்கு வருவதில்லை. வழியில் பார்த்தால் சித்தி என்றும் கூப்பிடுவதில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று கேள்வி.

அதனால் கூட்டத்தில் பேச எனக்குத் தயக்கம் இல்லை. ஒரே ஒரு விஷயம், தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டு ஊர் ஒன்றில் அப்பா இன்னொரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். இந்த முறை என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். நான் மறுக்கவில்லை.

அந்த வீட்டில் சரியாகச் சாப்பிடாத குழந்தை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தேன்.