நூலகர் தேடித் தந்த கட்டுரை

தலவாக்கலையில் நான் கண்டி ரயிலில் ஏறியபோது எதிர் இருக்கையில் இரண்டு பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் மலையகப் பெண் ஒருவரும், பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் லைப்ரரிக்குள்ள கால் வைச்சு ரெண்டு வருஷம், மிஸ்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர், பெருமையாக. "வேண்டியதெல்லாம் கொம்பியூட்டரிலயே வருது."

"சும்மா வருதுங்களா சேர்?" என்று சிரித்தார் அந்தப் பெண். "நம்ம நூலகர் அம்மாதான் தேடித் தேடிப் போடுறாங்க. போன மாசம் தேயிலைப் பூச்சி பத்தின ஒரு பழைய கட்டுரை எனக்கு எங்கயுமே முழுசாக் கிடைக்கல. அவங்க அதை எழுதினவரையே தேடிப் புடிச்சு மின்னஞ்சல் போட்டாங்க. பென்ஷன் எடுத்துட்டு வீட்டுல இருக்கிற மனுசன். தன்னோட பிரதியையே ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டாரு. அச்சுல வந்த மருந்தளவு பிழை, ரொம்பக் கூடிப்போச்சுன்னு ஓரத்துல கையால எழுதியிருந்தாரு, சேர். அந்தப் பிழையான அளவைத்தான் நான் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டுன வேற புத்தகத்துல இருந்து குறிச்சு வச்சிருந்தேன். அதுக்கு அடுத்த வாரமே டயகமத் தேயிலைத் தோட்டத்துல அடிச்சுப் பார்க்க இருந்தோம். மருந்தடிக்கிறவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தர்."

ஹட்டன் தாண்டியதும் யாழ்ப்பாணத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"லைப்ரரியை எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?"

"அஞ்சு மணிக்கு. ஸ்டேஷன்ல இருந்து நேராப் போனா அவங்களப் பார்க்கலாம்."

"அப்ப நேராவே போவம், மிஸ்."